டார்க் வெப்பில் பெயரை மறைத்துப் புகார் கொடுக்கலாமா?

பாலாற்றங்கரையில், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில் ஆய்வக உதவியாளராகப் பணிபுரியும் 29 வயது வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், நிறுவனம், பணிமுறை ஆகியவற்றை நீக்கியும் சில விவரங்களை வேண்டுமென்றே மாற்றியும் அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

மழை பெய்யும் இரவுகளில் நிலையத்தின் பின்புறமுள்ள வால்வைத் திறந்து, சுத்திகரிக்காத நீரை ஓடை வழியாக ஆற்றில் விடுகிறார்கள் என்றும், மறுநாள் எடுக்க வேண்டிய அளவீடுகளை முதல் நாளே லாக் புத்தகத்தில் எழுதிவிடுகிறார்கள் என்றும் அவர் கூறுகிறார். கைபேசியில் படங்கள் எடுத்திருக்கிறார். அந்த நீரைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வீட்டுப் பரணில் வைத்திருக்கிறார். மேற்பார்வையாளரின் கணினியிலிருந்து ஒரு கணக்குக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்திருக்கிறார். கல்லூரியில் கணினி படிக்கும் சித்தப்பா மகன் இணையத்தில் அடையாளத்தை மறைத்து உலவ உதவும் டோர் உலாவியை நிறுவிக் கொடுத்து, “அண்ணா, இதுல போட்டா ஆண்டவனுக்கும் தெரியாது” என்றிருக்கிறான். அரைகுறையாக விஷயம் அறிந்த மாமனாரோ, “அதை டவுன்லோடு பண்ணாலே போலீஸ் பிடிக்கும், ஒளிஞ்சு செய்யறவன் திருடன்தான்” என்றிருக்கிறார். டோர் பயன்படுத்துவது குற்றமா, அது தம்மை முழுவதும் மறைக்குமா, எல்லாவற்றையும் மேலாளரின் பெயரோடு, இணையத்தின் மறைவான பகுதியான டார்க் வெப்பில் ஏற்றிவிட்டால் உலகமே பார்க்காதா, அல்லது மேலாளருக்கே பெயரில்லாத மின்னஞ்சல் அனுப்பி “நிறுத்தாவிட்டால் வெளியிடுவேன்” என்று எச்சரிக்கலாமா என்று கேட்கிறார். நிறைமாதத்தை நெருங்கும் மனைவிக்கு இது எதுவும் தெரியாது, சொல்லலாமா என்பது கடைசிக் கேள்வி.

அவருடைய தந்தை கிணற்று நீர் கெட்டுப்போனதால் விவசாயத்தை விட்டவர். அந்தக் கிணற்றைக் கெடுத்த தொழிலிலேயே தாம் சம்பளம் வாங்குவதை ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் வீட்டுக் கடன் தவணையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சித்தப்பா மகன் சொல்வதும் மாமனார் சொல்வதும் ஒன்றுக்கொன்று நேர்மாறாகத் தோன்றினாலும், இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். அந்த உலாவிக்கு இல்லாத சக்தியை அதற்கு ஏற்றிவிடுகிறார்கள், ஒருவர் மந்திரமாக, மற்றவர் பில்லிசூனியமாக.

மாமனாரின் அச்சம்

டோர் உலாவியைத் தரவிறக்கம் செய்வதையோ அதன் வழியாக இணையத்தில் உலவுவதையோ குற்றமாக்கும் பிரிவு தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இலும் இல்லை, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, 2023-இலும் இல்லை. அந்த வழியில் போய் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் சட்டம் பார்க்கும். போதைப்பொருள் வாங்கினால் போதைப்பொருள் சட்டம் பாயும், குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படங்களைத் தேடினாலோ பார்த்தாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு பாயும், பிறர் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் அதே சட்டத்தின் 66டி பாயும். மாமனார் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. டார்க் வெப் என்ற சொல் நம் செய்தித்தாள்களுக்குள் நுழைந்ததே போதைப்பொருள் பார்சல்களின் மூலமாகத்தான். அமெரிக்காவில் 2011-இல் தொடங்கி 2013-இல் முடக்கப்பட்ட ‘சில்க் ரோடு’ என்ற கள்ளச் சந்தை அந்தப் பெயருக்குப் பூசிய கறை இன்னும் போகவில்லை.

ஆனால் டோர் வலையின் பிறப்பு கள்ளச் சந்தையில் நிகழவில்லை. 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில், அரசுப் பணியாளர்கள் யாரோடு தொடர்பு கொள்கிறார்கள் என்பதை இடையில் நிற்பவர்கள் அறியாமலிருக்க உருவாக்கிய முறை அது. 2002-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 2006 முதல் லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு அதை நடத்திவருகிறது. தன் தளம் தடைசெய்யப்பட்ட நாடுகளின் மக்களுக்காக பிபிசி 2019-இல் அங்கே ஒரு வாசல் திறந்தது. நியூயார்க் டைம்ஸ் 2017-இலேயே திறந்துவிட்டது. அடிக்கும் கணவனிடமிருந்து தப்ப வழி தேடும் பெண்ணுக்கும், வெளியே சொல்ல முடியாத நோயைப் பற்றிப் படிக்க விரும்புபவருக்கும் அது பயன்படுகிறது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் இடா ஸ்கடர் சாலையின் லாட்ஜ்களில் மாதக்கணக்காகத் தங்கிச் சிகிச்சை பெறும் வெளிமாநிலத்தவரைப் பார்க்கும்போதெல்லாம், தம் நோயின் பெயரை அந்த லாட்ஜின் வைஃபையில் தட்டச்சு செய்ய இவர்களில் எத்தனை பேர் கூசியிருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

“ஒளிந்து செய்கிறவன் திருடன்” என்ற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மாமனார் ஒவ்வொரு தேர்தலிலும் மறைப்புக்குப் பின்னால் நின்றுதான் வாக்களிக்கிறார். அந்த ரகசியம் தேர்தலின் உயிர் என்பதாலேயே, யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவரின் ரகசியமும் காக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் நோட்டாவைக் கொண்டுவரச் சொன்னது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிட்டால் நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 24.8.2017 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மறைப்பைச் சட்டமே பல இடங்களில் பேணி வளர்க்கிறது.

நம் ஊரில் பெயரில்லாத கடிதத்தை மொட்டைக் கடுதாசி என்று இளக்காரமாகப் பேசிப் பழகிவிட்டோம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்க எழுதப்பட்டவை அவற்றில் அதிகம் என்பதால் அந்த இளக்காரம் நியாயமானதே. ஆனால் ரேஷன் அரிசி லாரியில் ஏறிப் போவதை முதலில் வெளியே சொன்னதும் பல ஊர்களில் அதே மொட்டைக் கடுதாசிதான். நீங்கள் எழுத நினைப்பது இரண்டாவது வகை, அதில் எனக்கு ஐயமில்லை.

வலை எதை மறைக்கும்

இப்போது சித்தப்பா மகனுக்கு. ஆம்பூரில் இருப்பவர் ஒரு கடிதம் எழுதி, அதை ஓர் உறைக்குள் இட்டு, அந்த உறையை இன்னோர் உறைக்குள்ளும் அதை மூன்றாவது உறைக்குள்ளும் இட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தபால்காரர் வெளி உறையைப் பிரித்து அடுத்தவர் யார் என்று மட்டும் பார்க்கிறார், இரண்டாமவர் அடுத்த உறையைப் பிரிக்கிறார், மூன்றாமவர் கடிதத்தைச் சேரிடத்தில் கொடுக்கிறார். அனுப்பியவரை அறிந்த முதலாமவருக்குச் சேரிடம் தெரியாது, சேரிடம் அறிந்த மூன்றாமவருக்கு அனுப்பியவர் தெரியாது. டோர் செய்வது இதைத்தான். உலகின் பல மூலைகளில் தன்னார்வலர்கள் இயக்கும் கணினிகளில் மூன்றின் வழியாக, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகக் குறியாக்கம் செய்த செய்தி போகிறது. வெங்காயத்தின் ஆங்கிலப் பெயரான ‘ஆனியன்’ அதன் முகவரிகளுக்கும் நின்றுவிட்டது.

ஆக, அது மறைப்பது பாதையைத்தான். உங்களுக்கு இணைப்பு தரும் நிறுவனம் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதை அறியாது, ஆனால் டோர் பயன்படுத்தினீர்கள் என்பதைப் பொதுவாக அறியும். கடைசிக் கணினியை இயக்குபவர், குறியாக்கமில்லாத எதையும் வாசிக்க முடியும். ஸ்வீடனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் 2007-இல் அத்தகைய கடைசிக் கணினிகளை இயக்கியே, இந்தியா உட்படப் பல நாடுகளின் தூதரக மின்னஞ்சல் கடவுச்சொற்களைத் திரட்டிக் காட்டினார். டோர் தங்களைக் காக்கிறது என்று நம்பிக் கடவுச்சொல்லைத் திறந்த உறையில் போட்டவர்கள் சாமானியர்கள் அல்லர், தூதரக ஊழியர்கள்.

இணையப் போக்குவரத்தைத் தன் கணினி வழியாகத் திருப்பிவிடும் இலவச வி.பி.என். செயலியைச் சேர்த்துக்கொண்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வி.பி.என். நிறுவனத்துக்கு உங்கள் இணைப்பு தெரியும். இணைய நிறுவனத்தின் மேலிருந்த நம்பிக்கையை எடுத்து, யாரென்று தெரியாத ஒருவர்மேல் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். இந்தியாவில் இயங்கும் வி.பி.என். நிறுவனங்கள் சந்தாதாரர்களின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 28.4.2022 அன்று சைபர் அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் உத்தரவிட்டிருக்கிறது. பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்ற யோசனையும் உதவாது. 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே அடையாள அட்டையைப் பதிவு செய்ய வேண்டும், பயன்பாட்டுப் பதிவுகளை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும்.

உங்களைக் காட்டிக்கொடுக்கப்போவது எது

இதுவரை நான் சொன்னது தொழில்நுட்பம். உங்கள் நிலைமையில் அது இரண்டாம்பட்சம். டோர் பயன்படுத்தியும் பிடிபட்டவர்களில் பலர், வலை அறுந்ததால் பிடிபடவில்லை. சில்க் ரோடு நடத்தியவரைத் தேடிய அதிகாரிகளுக்கு வழி காட்டியது, தொடக்க நாட்களில் அவர் இணையத்தின் ஒரு மூலையில் எழுதிவைத்த சொந்த மின்னஞ்சல் முகவரி. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வைத் தள்ளிப்போட வெடிகுண்டு மிரட்டலை டோர் வழியாக அனுப்பினார். மின்னஞ்சல் டோரிலிருந்து வந்ததைக் கண்ட புலனாய்வாளர்கள், அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டோர் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தார்கள். சிலரே இருந்தார்கள், விசாரித்ததும் அவர் ஒப்புக்கொண்டார். மறைப்பு முழுதாகத்தான் இருந்தது. மறைந்துகொள்ளக் கூட்டம்தான் இல்லை.

உங்களைப் பற்றி நீங்களே எழுதியதைத் திரும்பப் படியுங்கள். மழை இரவில் வால்வு திறந்ததைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? லாக் புத்தகத்தைத் தொடுபவர்கள் எத்தனை பேர்? அந்தக் கோப்பு இருந்த கணினியின் அருகே செல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? மூன்றுக்கும் விடையாக வரும் ஆட்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். ஆம்பூரில் எழுதிய மொட்டைக் கடுதாசியைக் காட்பாடி சந்திப்புவரை ரயிலில் போய்ப் பெட்டியில் போட்டாலும், கடிதத்துக்குள் உங்கள் தெருவின் கதை இருந்தால் தெருவே சொல்லிவிடும் எழுதியது யார் என்று. டோர் காட்பாடிவரை போய்த் தபால் போடும் வேலையைச் செய்யும், கடிதத்தின் உள்ளடக்கத்தை மாற்றாது.

அமெரிக்காவில் 2017-இல் ரகசிய ஆவணம் ஒன்றைப் பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பிய ஒப்பந்தப் பணியாளர் அகப்பட்ட விதமும் இதேதான். அதை அச்செடுத்தவர்கள் ஆறே பேர் என்று அலுவலகப் பதிவு காட்டியது, அவர்களில் அந்தப் பத்திரிகையோடு மின்னஞ்சல் தொடர்பு இருந்தவர் ஒருவர். வேறு துப்பு தேவைப்படவில்லை.

இதனால்தான் எல்லாவற்றையும் டார்க் வெப்பில் ஏற்றும் எண்ணத்தை நான் ஏற்கவில்லை. உலகமே பார்க்கும் என்கிறீர்கள். உண்மையில் தேடுபொறிக்கு எட்டாத, முகவரி தெரிந்தவர் மட்டுமே வரக்கூடிய இடம் அது. பாலாற்றில் விடப்படும் நீரைப் பற்றி அங்கே எழுதினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளரும் படிக்கப்போவதில்லை, ஆற்றங்கரை விவசாயியும் படிக்கப்போவதில்லை. அந்த வலையின் நல்ல பயன்களில் ஒன்று வேறு வகையானது. தகவல் தருபவர் தம்மைக் காட்டிக்கொள்ளாமல் பத்திரிகையாளரைச் சந்திக்க ‘செக்யூர்டிராப்’ போன்ற ஏற்பாடுகள் அங்கே இருக்கின்றன. கார்டியன், வாஷிங்டன் போஸ்ட் முதலிய ஏடுகள் அதை வைத்திருக்கின்றன. அங்கே தகவலை வாங்கி, சரிபார்த்து, உங்கள் விரல்ரேகையைத் துடைத்து வெளியிட ஆள் இருக்கிறார். வெறுமனே ஏற்றிவிட்டுப் போவதில் அந்த ஆள் இல்லை. ஆயினும் லண்டனில் இருக்கும் செய்தி ஆசிரியருக்கு உங்கள் வால்வு எவ்வளவு பெரிய செய்தியாகத் தோன்றும் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

மேலாளரின் பெயரைப் போடுவது அவதூறு வழக்குக்கு, அதாவது நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவுக்கு, வாசலைத் திறந்துவிடும். உண்மையைப் பொதுநலனுக்காகச் சொன்னேன் என்ற விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். அவருக்கே பெயரில்லாத எச்சரிக்கை அனுப்புவதை அறவே விட்டுவிடுங்கள். நற்பெயருக்குத் தீங்கு செய்வதாக அச்சுறுத்துவதும் மிரட்டல் என்ற குற்றத்துக்குள் வரலாம், அதைப் பெயர் மறைத்துச் செய்தால் 351-ஆவது பிரிவின் 4-ஆம் உட்பிரிவு கூடுதலாக இரண்டாண்டுவரை தண்டனை சேர்க்கிறது. சட்டத்தை விடுங்கள், அன்றிரவே வால்வைக் கழற்றிச் சுவரைப் பூசிவிட்டு, மறுநாள் காலை உங்கள் ஐந்து பேரையும் அறைக்குள் கூப்பிடுவார்கள்.

பாட்டிலும் படங்களும் பென் டிரைவும்

பரணிலுள்ள பாட்டில் உங்களுக்கு உறுதியளித்திருக்கலாம், நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974-இன் 21-ஆவது பிரிவு மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறது. வாரியத்தின் அலுவலர் அறிவிப்புக் கொடுத்து, உரியவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு, கையொப்பம் பெற்று அனுப்பியதற்கே சான்று மதிப்பு. ஆகவே உங்கள் வேலை மாதிரி எடுப்பதன்று, மாதிரியை எங்கே எப்போது எடுக்க வேண்டும் என்று உரியவருக்குத் தெரியச் செய்வது.

படங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாள், நேரம், கைபேசியின் மாதிரி, சில சமயம் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகூட எழுதப்பட்டிருக்கும். அதை அழிக்காமல் அனுப்பினால் நீங்கள் யார் என்று படமே சொல்லிவிடும். அழித்துவிட்டாலோ, அது எங்கே எப்போது எடுத்த படம் என்று நிரூபிக்க முடியாமல் போகும். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது, அந்தப் பதிவின் விரல்ரேகை போன்ற எண்ணான ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. உங்களைக் காட்டிக்கொடுக்கும் அதே விவரம்தான் ஆதாரத்தைத் தாங்கிப் பிடிக்கும் விவரமும். எனவே மூலப்படங்கள் அந்தக் கைபேசியிலேயே தொடாமல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், சுருக்காதீர்கள், வெட்டாதீர்கள். வெளியே போக வேண்டியது விவரங்கள் நீக்கிய நகல்தான், அதுவும் இப்போது வேண்டாம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பென் டிரைவ். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில் வருகிறது, நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. பொதுநலனுக்காகச் செய்ததில் நேர்மையற்ற எண்ணம் எங்கே என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் வழக்கு உங்கள்மேல் தொடங்கிவிட்டால் ஆற்றைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமிருக்காது. இனி எதையும் நகலெடுக்காதீர்கள், எடுத்ததை அழிக்கவும் வேண்டாம், எந்தக் கணினியிலும் செருகவும் வேண்டாம்.

பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்ற நம்பிக்கை

முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் வந்ததாகப் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தது, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது, ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே கிடக்கிறது. நடைமுறைக்கு வந்தாலும் அது பொது ஊழியர்களின் முறைகேட்டைப் பற்றியது, தனியார் நிறுவனத்தின் வால்வைப் பற்றியது அன்று. அதிலும் புகார்தாரர் தம் அடையாளத்தைத் தெரிவிக்காவிட்டால் நடவடிக்கை கிடையாது.

அதற்கு முந்தைய கதையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் சத்யேந்திர துபே, அங்கு நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தம் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு துறை துறையாகச் சுற்றியது. 2003 நவம்பரில் அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் எழுந்த கேள்விகளுக்குப் பதிலாகத்தான் 2004-இல் மத்திய கண்காணிப்பு ஆணையத்திடம் புகார்தாரரின் அடையாளத்தைக் காக்கும் ஏற்பாடு வந்தது. உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. பெயரை முழுவதும் மறைத்தால் அலுவலகங்கள் தூக்கிப் போட்டுவிடுகின்றன, முழுவதும் கொடுத்தால் கசிந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும். அந்த வழி வேலூர்க்காரர்களுக்குப் புதியதன்று.

ஆற்றங்கரையில் நிற்பவர் புகார் கொடுக்கட்டும்

வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இந்தப் பகுதிக்குப் பெயரிருந்த காலத்தில், தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சென்றது எந்தத் தொழிலாளியும் அல்லர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு சென்றது. 28.8.1996 அன்று வந்த தீர்ப்பு ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. இன்று அந்த மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்துவிட்டது, ஆறு பிரியவில்லை. 30.1.2025 அன்று பாலாற்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்ததும் வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடுத்த வழக்கில்தான். அந்த வழக்குகளுக்குப் பின்னால் உள்ளிருந்து தகவல் சொன்னவர்கள் இருந்தார்களா, யார் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

நீங்கள் புகார்தாரராக நிற்கத் தேவையில்லை, தகவலாக நின்றால் போதும். ஓடை சேரும் இடத்துக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கோ அவர்களுடைய சங்கத்துக்கோ சொந்தமாகவே வழக்குரிமை இருக்கிறது. நுரையையும் நிறத்தையும் அவர்கள் தம் கண்ணால் பார்க்கலாம், தம் நிலத்திலிருந்து தம் கைபேசியில் படமெடுக்கலாம். எந்த மழை நாளில் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஐந்து பேருக்கு மட்டும் தெரிந்த செய்தி ஊருக்கே தெரிந்த செய்தியாகும்போது நீங்கள் மறைந்துகொள்ளக் கூட்டம் உண்டாகிறது. எந்த உலாவியாலும் உண்டாக்கித் தர முடியாத மறைவு அது.

அவர்கள் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். தீர்ப்பாயம் கடிதத்தின் பேரிலும் தாமாகவே விசாரணை எடுக்கலாம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலையத்துக்கு வாரியம் கொடுத்த இசைவாணையையும் ஆய்வு அறிக்கைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6-ஆவது பிரிவின் 2-ஆம் உட்பிரிவு கூறுகிறது. பென் டிரைவில் நீங்கள் திருட்டுத்தனமாக வைத்திருக்கும் எண்களில் ஒரு பகுதி அந்த வழியில் நேராகவே வந்துசேரலாம். மழை நாளின் மின்சாரப் பயன்பாடும் லாக் புத்தகத்தின் அளவீடும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் போதும், அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கறிஞரிடம் சொன்னதை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியிட முடியாது என்று சாட்சிய அதினியத்தின் 132-ஆவது பிரிவு தடுக்கிறது. சட்டவிரோதக் காரியத்துக்கு உதவி கேட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டாயிரம் ஆண்டுத் தொழில் இல்லாவிட்டாலும், டோரைவிட எங்களுக்கு வயது அதிகம். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் தினமும் ஆயிரம் பேர் ஏதோவொரு வழக்குக்காக வந்துபோகிறார்கள், அங்கேயும் ஒரு கூட்டம் உண்டு. சங்கத்துக்கோ பத்திரிகையாளருக்கோ செய்தி சேர்ப்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். அந்தக் கட்டத்தில் பத்திரிகையாளரோடு நீங்களே நேராகப் பேச வேண்டி வந்தால், டோர் வழியாகத் தொடங்கிய, உங்கள் பெயரும் எண்ணும் சேராத மின்னஞ்சல் பயன்படும். நிறுவன வளாகத்தில், நிறுவன வைஃபையில், பணி நேரத்தில் அதைத் திறக்கக் கூடாது. ஹார்வர்டு மாணவர் செய்த பிழை அதுதான்.

அவசரம் எவ்வளவு என்றால், தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் ஆறு மாதக் கெடு உண்டு, இழப்பீடு கோரும் 15-ஆவது பிரிவில் ஐந்தாண்டுகள். புதிதாக ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் புதிய காரணம் பிறக்கிறது என்று வாதிட இடமிருப்பதால், பிரசவம் முடியும்வரை காத்திருப்பதால் வழக்கு கெட்டுவிடாது. வேலை போனால் தொழிலாளர் சட்டப்படி வழக்காடலாம் என்பது உண்மை, வழக்கு முடியும்வரை கடன் தவணையை யாரும் கட்டமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆறு மாதத் தவணைக்காவது கையிருப்பு சேர்த்துக்கொண்டு இறங்குங்கள்.

கடைசியாக, மனைவியிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சித்தப்பா மகனுக்கு எல்லாம் தெரியும், மாமனாருக்குப் பாதி தெரியும், எனக்கும் இப்போது தெரியும். சம்பளம் நின்றால் முதலில் பாதிக்கப்படப் போகிறவருக்கு மட்டும் தெரியாது. திருமண காலத்தில் கணவன் மனைவியிடம் சொன்னதை வெளியிடும்படி மனைவியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சிய அதினியத்தின் 128-ஆவது பிரிவு சொல்கிறது. சித்தப்பா மகனுக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. அவனிடம் இனி எதுவும் பேசாதீர்கள். வீட்டில் இன்றைக்கே பேசுங்கள், பரணில் இருக்கும் பாட்டிலில் இருந்தே தொடங்கலாம், குழந்தை வந்த பிறகு அது அங்கே இருக்கக் கூடாது.